உள்ளூர்ப் பொருளாதாரப் பயிற்சி: தொழில் திட்டத்தில் தொடங்குவதா, கணக்குப் புத்தகத்தில் தொடங்குவதா?

மெரிபேங்க் ஆசிரியை | தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள மெரிபேங்க்கில் ஒரு கோயில் மண்டபத்தில், வீட்டிலிருந்தும் சிறு கடை வைத்தும் தொழில் செய்கிறவர்களுக்காகப் பத்து சனிக்கிழமைகள் நடக்கும் பயிற்சி ஒன்றை ஏற்பாடு செய்கிறோம். பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக இத்தகைய வகுப்புகளை நடத்தி வருகிறேன். ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது, எதை முதலில் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

வழக்கமான வகுப்பு தொழில் திட்டத்தில் தொடங்கும். தொலைநோக்கு, இலக்கு, சந்தை ஆய்வு என்று பத்தி பத்தியாக நிரப்பி, வங்கியில் காட்டத்தக்க ஒரு கோப்பு கடைசி வாரத்தில் தயாராகிவிடும். அந்தக் கோப்பை வைத்துக் கடன் வாங்கியவர்களைவிட, அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இம்முறை கணக்குப் புத்தகத்தில் தொடங்க விரும்புகிறேன்.

முன்பு என்னிடம் படித்த ஓர் அம்மா, மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறவர். அரைக் கிலோ போத்தல் 45 ராண்ட். ஒரு போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன்; பதினைந்து ராண்டாவது நிற்கும் என்றார். கடைசியாகப் போட்ட ஊறுகாயின் செலவை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லி எழுதினோம். மாங்காய், எண்ணெய், மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்த்துப் போத்தலுக்கு 24 ராண்ட் வந்தது. போத்தலும் மூடியும் 6, லேபிள் 1.50, எரிவாயு 3, சந்தைக்குப் போய்வரும் பெட்ரோலில் அதன் பங்கு 4. ஆக 38.50. மிச்சம் 6.50 ராண்ட்தான். நாற்பது போத்தல் போட இரண்டு நாள், பதினாறு மணி நேர வேலை; கைக்கு வந்தது 260 ராண்ட், அதாவது மணிக்கு 16.25. நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியமே 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் கை வேலையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லையே, டீச்சர்" என்றார்.

விலையை 55 ஆக்கினார். முதல் மாதம் விற்பனை சற்றுக் குறைந்தது. பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு தாள் செய்த வேலையை எந்தத் தொழில் திட்டமும் அவருக்குச் செய்திருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு: நகராட்சியின் உள்ளூர்ப் பொருளாதாரப் பிரிவு அலுவலர்களையும் இதே வகுப்பில் உட்கார வைப்பது சரியாக வருமா?

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். கட்டாயம் உட்கார வையுங்கள். உங்கள் மாணவர்களைவிட எங்களைப் போன்றவர்களுக்கே அந்தத் தாள் அதிகம் தேவைப்பட்டது.

சட்டத்தில் குறை இல்லை. சமூக, பொருளாதார மேம்பாட்டை ஊக்குவிப்பது உள்ளாட்சியின் நோக்கங்களில் ஒன்று என்று 1996ஆம் ஆண்டு அரசமைப்பின் 152ஆம் பிரிவு சொல்கிறது. வரவு செலவுத் திட்டத்தையும் நிர்வாகத்தையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்று 153ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. 1998இல் உள்ளாட்சி பற்றிய அரசின் கொள்கை விளக்கமான வெள்ளை அறிக்கை வந்தது. 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டம், ஒவ்வொரு நகராட்சியும் ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. இவையெல்லாம் அலுவலரின் மேசைக்கு வந்து சேரும்போது, வார்டுக்கு ஒரு கோழிப் பண்ணை, ஒரு தையல் வகுப்பு, ஒரு காய்கறித் தோட்டம் என்று சுருங்கிவிடும்.

நான் பொறுப்பில் இருந்த ஒரு திட்டத்தைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். இருபது பெண்களுக்கு ஐந்து நாள் கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுத்தோம். கொட்டகை கட்டினோம், குஞ்சு வாங்கினோம், முதல் சுற்றுத் தீவனமும் எங்கள் செலவு. இரண்டாவது சுற்றுக்குத் தீவனத்தை அவர்களே வாங்க வேண்டும். அந்த ஊரில் தீவன மூட்டை என்ன விலை, பெரிய கடைகள் உறைந்த கோழியை என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்று எங்களில் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை. மூன்றாவது சுற்று நடக்கவே இல்லை. ஆண்டறிக்கையிலோ "இருபது பேர் பயிற்சி பெற்றனர்" என்ற வரி இருந்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அலுவலருக்குத் தரும் பயிற்சி, தெருவில் நடந்து எண்ணக் கற்றுக்கொடுப்பதாக இருக்க வேண்டும். டர்பனில் 1990களின் பிற்பகுதியில் வார்விக் சந்திப்பில் நகராட்சி செய்த வேலை இதற்கு நல்ல முன்மாதிரி. மூலிகை விற்பவர்கள், சோளம் வேகவைப்பவர்கள், தலைக்கறி சமைப்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்தாரோடும் அலுவலர்கள் உட்கார்ந்து பேசி, அவரவர் வேலைக்கு ஏற்றபடி தண்ணீரும் கூரையும் மேடையும் அமைத்துக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே 2001இல் முறைசாராப் பொருளாதாரத்துக்கென்று ஒரு கொள்கையை நகரம் ஏற்றது. அதே நகரம்தான் 2009இல், 1910இல் தொடங்கிய எர்லி மார்னிங் மார்க்கெட் இருக்கும் இடத்தில் வணிக வளாகம் கட்ட முனைந்தது. வியாபாரிகள் விடாமல் எதிர்த்ததால் மார்க்கெட் பிழைத்தது. ஒரு பிரிவு கற்ற பாடத்தை மற்றொரு பிரிவு கேட்கவே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனவே பொருளாதாரப் பிரிவினரோடு நிறுத்திவிடாமல், கொள்முதல் பிரிவிலிருந்தும் நகரத் திட்டப் பிரிவிலிருந்தும் ஆளுக்கு ஒருவரையாவது அழையுங்கள்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரர்

டீச்சருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கணக்குப் புத்தகம் முதலில் வர வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கண்டாலே நம்மவர்களுக்கு ஏன் பயம் வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நட்டாலில் 1897இல் வந்த வியாபார உரிமச் சட்டத்தின்படி, கணக்கை ஆங்கிலத்தில் எழுதி வைக்க முடியும் என்று காட்டாதவருக்கு உரிமம் கிடையாது. உரிம அதிகாரி மறுத்துவிட்டால் நீதிமன்றத்துக்கும் போக முடியாதபடி வழியை அடைத்திருந்தார்கள். தமிழிலும் குஜராத்தியிலும் பேரேடு எழுதி ஒழுங்காக வியாபாரம் செய்தவர்களை வெளியே தள்ளுவதற்காகவே கணக்குப் புத்தகம் பயன்பட்டது. அந்தச் சட்டம் போய்விட்டது. புத்தகம் என்றால் அதிகாரி பார்ப்பதற்கு என்ற எண்ணம் போகவில்லை. என் கடைக்கு வரும் பெரியவர்கள் இன்றும், "எழுதி வைத்தால் வரிக்காரன் வருவான்" என்கிறார்கள். எனவே முதல் வகுப்பில் வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும். முதலில் தங்களுக்காக எழுதட்டும்.

அதே சமயம், உணவுப் பொருள் விற்பவர்களுக்கு விதிமுறைகளைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். 2018இல் வந்த, உணவுச் சுகாதாரம் பற்றிய ஆர்638 விதிகளின்படி, உணவு தயாரிக்கும் இடத்துக்கு நகராட்சிச் சுகாதாரப் பிரிவின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பவர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்கவும் வேண்டும். ஊறுகாய் அம்மாவுக்கும் இது பொருந்தும். 2024 நவம்பரில், கடைத் தின்பண்டம் சாப்பிட்ட குழந்தைகள் இறந்ததை அடுத்து, ஸ்பாசா எனப்படும் குடியிருப்புப் பகுதிச் சிறு கடைகளெல்லாம் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் அறிவித்தார். பிறகு 2025 பிப்ரவரி 28 வரை கெடு நீட்டிக்கப்பட்டது. அந்த வாரங்களில் எங்கள் பகுதி நகராட்சி அலுவலகத்துக்கு வெளியே விடியற்காலையிலேயே வரிசை நின்றது. எந்தப் படிவம், எந்த வரைபடம் என்று தெரியாமல் மூன்று முறை திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். ஒரே ஒரு சனிக்கிழமை அந்தப் படிவங்களையெல்லாம் மேசைமேல் பரப்பி வைத்து நிரப்பியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் என் கடைக் கதவை உடைத்து அரிசி மூட்டை முதல் தராசு வரை எடுத்துப்போய்விட்டார்கள். தீக்கும் திருட்டுக்கும் காப்பீடு இருந்தது. கலவரச் சேதத்துக்கு ஈடு தருவது சாஸ்ரியா என்ற அரசு நிறுவனம் மட்டுமே என்பதும், அந்தக் காப்பைச் சாதாரணக் காப்பீட்டோடு தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையை மறுபடி எடுத்து நிறுத்த உதவியது உறவினர்களின் சீட்டுப் பணம். காப்பீட்டுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள், டீச்சர்.

பீனிக்ஸ் இளைஞர்

அக்கா, நீங்கள் சொல்வது தொழில் நடத்துகிறவர்களுக்குச் சரி. வேலை தேடும் என் வயதினருக்குச் சான்றிதழ் வேண்டும். அதை அலட்சியப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சான்றிதழ் என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சியில் சேர்ந்தேன். உதவித்தொகை மாதாமாதம் வந்தது. தினமும் கையெழுத்துப் போட்டோம். சான்றாவணக் கோப்பு என்று நானூறு பக்கம் எழுதிக் கொடுத்தோம். ஆண்டு முடிந்தபோது அலுவலகம் காலி. கோப்புகள் எங்கே போயின என்று சொல்லக்கூட ஆளில்லை. எங்களில் ஒருவருக்கும் சான்றிதழ் வரவில்லை. அதனால் சேருவதற்கு முன்பு நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, தொழிற்கல்விக்கான தரக் குழுவிடம் அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான பழைய தொழிற்பயிற்சித் தகுதிகளுக்குப் புதிய சேர்க்கை 2024 ஜூன் 30 உடன் நின்றுவிட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்க 2027 ஜூன் 30 வரைதான் அவகாசம். பழைய பெயரிலேயே இன்றும் ஆள் சேர்க்கிறவர்களிடம் கேள்வி கேளுங்கள்.

இன்னொரு கணக்கு. தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு மதிப்பலகு என்பது பத்து மணி நேரக் கற்றல். வீட்டில் செய்யும் வேலையும் அதில் சேரும். பத்து சனிக்கிழமை, நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மதிப்பலகுதான். ஆனால் முழுச் சான்றிதழுக்குப் பொதுவாக 120 மதிப்பலகாவது வேண்டும். "சான்றிதழ்ப் பயிற்சி" என்று விளம்பரத்தில் போடாதீர்கள் அக்கா. வருகைச் சான்று என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மெரிபேங்க் ஆசிரியை

தம்பி, உங்களுக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். விளம்பரத்தில் "சான்றிதழ்" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். புதிய தொழில்சார் தகுதிகளில் அறிவு, செய்முறை, பணியிட அனுபவம் என்று மூன்று பகுதிகள் உண்டு. முறையாக எழுதிய ஓராண்டுக் கணக்குப் புத்தகமும், நீங்கள் ஒரு கடைக்குச் செய்து கொடுத்த அடக்கவிலைத் தாள்களும், முன்கற்றலுக்கான அங்கீகாரம், அதாவது அனுபவத்தில் ஏற்கெனவே கற்றதற்கான ஏற்பு, கேட்கும்போது கையில் இருக்கும் சான்றுகள். கோப்பை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். மூலம் எப்போதும் உங்களிடமே இருக்கட்டும்.

லெனேசியா கணக்கர்

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கை ஒழுங்காக எழுதிவந்தும் மூடப்பட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சமையல் ஒப்பந்தக்காரர் அரசு அலுவலகம் ஒன்றுக்குக் கூட்ட நாட்களில் சாப்பாடு கொடுத்தார். பட்டியல் (பில்) கொடுத்த முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது அரசுத் துறைகளுக்கும் நகராட்சிகளுக்கும் உள்ள விதி. அவருக்கு வந்து சேர்ந்தது ஏழாம் மாதம். அதற்குள் வேன் போய்விட்டது. அவருடைய புத்தகத்தில் ஒரு பிழையும் கிடையாது. பிழை செய்தவர்கள் பணம் தர வேண்டியவர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்னதுபோல் கொள்முதல் பிரிவினரை உட்கார வைத்து, தாமதமான ஒரு பட்டியல் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதை அந்தக் குடும்பத்தின் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

ஊருக்கு வரும் பணம் ஊரிலேயே எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் காட்டும் பயிற்சி ஒன்றும் உண்டு. லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு எல்எம்3 என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. மூன்று சுற்றுதான் கணக்கு. ஒரு கடைக்கு 1,000 ராண்ட் வருகிறது. அதில் 600ஐ அந்தக் கடை ஊருக்குள்ளேயே கூலியாகவும் சரக்காகவும் செலவிடுகிறது. அந்த 600ஐப் பெற்றவர்கள் 300ஐ மறுபடி ஊருக்குள் செலவிடுகிறார்கள். மூன்றையும் கூட்டினால் 1,900. ஆயிரத்தால் வகுத்தால் 1.9. ஒரு சுற்றும் தங்காமல் முதல் நாளே வெளியேறினால் 1 மட்டுமே.

இதை உங்கள் கோயிலிலேயே செய்து பார்க்கலாம். காவடிக்கு வாங்கிய பால், பூ, தேங்காய், எலுமிச்சை, கற்பூரம், அன்னதானத்துக்கான அரிசி பருப்பு ஆகியவற்றின் ரசீதுகளைக் குழுவிடம் கேட்டு வாங்கி, சுவரில் ஒட்டி, எது உள்ளூரில் வாங்கியது, எது வெளியில் என்று இரண்டு நிறத்தில் வட்டமிடச் சொல்லுங்கள். நாங்கள் இங்கே ஒரு கோயிலில் செய்தபோது, பூவைக்கூட வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு தெரு தள்ளிச் சாமந்தி பயிரிடும் அம்மாள் ஒருவர் இருந்தார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் குழுவிடம் வந்து கேட்டதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கச் சொல்லித்தராதீர்கள். கற்பூரமும் பருப்பும் இங்கே விளைவதில்லை. எது இங்கே முடியும், எது முடியாது என்று பிரித்தறிவதுதான் பயிற்சி.

டோங்காட் தோட்டக்காரர்

வணக்கம். நான் கொத்துமல்லி, வெந்தயக் கீரை, கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு பயிரிட்டு விற்கிறேன். விடியும் முன்பே மார்க்கெட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமைதான் எங்களுக்குப் பெரிய வியாபார நாள். வகுப்பு சனிக்கிழமை என்றால் தோட்டக்காரர் ஒருவரும் வர மாட்டார். திங்கட்கிழமை பிற்பகல் வையுங்கள், அம்மா.

நிலைத்த வளர்ச்சி என்ற சொல் எல்லா அறிவிப்பிலும் இருக்கிறது. எனக்கு அது தண்ணீரும் மண்ணும்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் பக்கம் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் கீழ்ப்பாத்தியின் மேல்மண் முழுவதும் ஆற்றோடு போயிற்று. அதன் பிறகு, மார்க்கெட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலையையும் கீரைத் தண்டையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மக்கவைத்து மண்ணை மீட்டேன். இரண்டு ஆண்டுகள் ஆயின. மார்க்கெட்டுக்குக் குப்பைச் செலவு குறைந்தது, எனக்கு உரச் செலவு குறைந்தது. இதைப் பயிற்சியில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்துப் பாத்தியில் சேப்பங்கிழங்கு போடும் சுலு அம்மா ஒருவரிடம் கற்றேன். அவரைப் போன்றவர்களையும் வகுப்புக்கு அழையுங்கள், கற்கவும் கற்பிக்கவும். சுலுவில் பேச ஒருவர் உடனிருந்தால் போதும்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரர்

தோட்டக்கார அண்ணன் சொல்வது முற்றிலும் சரி. என் கடையில் கீரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சுலு மொழிக்காரர்கள். நம் தெருவின் பொருளாதாரம் என்றால் அவர்களையும் சேர்த்ததுதான்.

மெரிபேங்க் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பாடத்திட்டத்தை மாற்றி எழுதினேன். சனிக்கிழமைக் குழு ஒன்று, திங்கள் பிற்பகல் குழு ஒன்று என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம். முதல் மூன்று வாரம் அவரவர் மொழியில் அவரவர் கணக்கு. வரியைப் பற்றிய பேச்சு ஐந்தாம் வாரத்துக்கு முன்பு கிடையாது. நான்காம் வாரம் காவடி ரசீதுகளைச் சுவரில் ஒட்டுகிறோம். கோயில் குழுத் தலைவர் சற்றுத் தயங்கியபின் ஒப்புக்கொண்டார். ஆறாம் வாரம் ஏற்புச் சான்றிதழ்ப் படிவங்களும் சாஸ்ரியா காப்பும். ஏழாம் வாரம் நகராட்சியிலிருந்து மூன்று பிரிவினரை அழைத்திருக்கிறேன். இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கொள்முதல் பிரிவிலிருந்து இன்னும் பதில் இல்லை. தொழில் திட்டம் கடைசி இரண்டு வாரங்களுக்குப் போய்விட்டது. அதையும் கடன் கேட்கப் போகிறவர்கள் மட்டும் எழுதினால் போதும்.

பயிற்சிக்குப் பணம் தருகிறவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஒவ்வொருவர் கடைக்கும் நேரில் போய், புத்தகம் தொடர்ந்து எழுதப்படுகிறதா, கைக்கு மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு வர முடிவு செய்திருக்கிறோம். அதற்கு வண்டியும் நேரமும் உள்ள நான்கு பேர் வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா, நீங்கள் மாதத்தில் ஒரு நாள் வர முடியுமா?

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வருகிறேன் அம்மா. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எனக்கு வசதி. பெட்ரோல் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலில் அந்த ஊறுகாய் அம்மாவின் வீட்டுக்கு என்னை அனுப்புங்கள். அவருடைய தாளை நான் பார்க்க வேண்டும்.